நடப்பிலுள்ள சர்வரில் டீபக் வசதியைத் திறந்து வைக்கலாமா?

சென்ற கார்த்திகை மாதத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பரிசீலனை செய்யச் சென்றிருந்தேன். நூல் இருப்பு, சேலை இருப்பு, கூலிப் பட்டுவாடா ஆகியவற்றைச் சரிபார்த்து முடித்தபின், சங்கத்தின் இணையதள விற்பனைக் கணக்கையும் பார்க்க விரும்பினேன். காரியதரிசி அவர்கள் கம்ப்யூட்டரில் சங்கத்தின் தளத்தைத் திறந்து காட்டினார். ஒரு சேலையின் எண்ணைத் தட்டுகையில் என் விரல் தவறி, எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்து விழுந்துவிட்டது. அத்தகைய சேலை இல்லை என்று ஒரு வரி வந்திருந்தால் போதும். ஆனால் திரை நிறைய ஆங்கில வரிகள் வந்து நின்றன. எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் புரோகிராம் இடறிற்று என்பது முதலில் இருந்தது. சற்றுக் கீழே, சங்கத்தின் தகவல்கள் யாவும் அடங்கிய டேட்டாபேஸின் பெயர், அதைத் திறக்கும் கடவுச்சொல், பணம் வசூலித்துத் தரும் கம்பெனி சங்கத்துக்கென்று வழங்கியுள்ள இரகசியச் சாவி ஆகியவையும் ஒளிவு மறைவின்றி அச்சிட்டாற்போல் நின்றன.

"ஐயா, அது ஏதோ மிஷின் பாஷை. சேலை வாங்க வருகிறவர்களுக்கு அதில் என்ன புரியப் போகிறது?" என்றார் காரியதரிசி.

தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் மறைக்காமல் சொன்னார்: "தீபாவளிக்கு முன்னால் சில ஆர்டர்கள் பாதியில் நின்றுபோயின ஐயா. என் கம்ப்யூட்டரில் எத்தனை முறை சோதித்தும் அந்தப் பிழை வரவில்லை. வேறு வழியில்லாமல் சர்வரிலேயே டீபக்கைத் திறந்துவிட்டேன். அப்புறம் மூட மறந்துவிட்டது." கணக்கிட்டுப் பார்த்ததில், அது திறந்து கிடந்த காலம் 41 நாட்கள்.

அவ்விளைஞரின் சங்கடம் உண்மையானது. பண்டிகைச் சமயத்தில் ஆர்டர் நின்றால் நெசவாளியின் கூலி நிற்கும். ஆகவே அவர் செய்தது தவறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாமல், இவ்விஷயம் இன்னதென்று விளக்க முற்படுகிறேன். இணையதளம் வைத்துள்ள சங்கங்களின் காரியதரிசிகளும் நிர்வாகக் குழுவினரும் இதை அறிந்திருத்தல் அவசியம்; புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

சர்வர் என்பது இரவு பகல் எந்நேரமும் விழித்திருந்து, வருவோர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். வாடிக்கையாளர்கள் உண்மையாகவே வந்து போகும் சர்வரை நடப்புச் சர்வர் எனலாம். புரோகிராம் எழுதுவோர் தமது மேசையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது வேறு. புரோகிராமில் உள்ள குற்றத்தை ஆங்கிலத்தில் 'பக்' என்பர். பூச்சி என்று பொருள். குற்றத்தைத் தேடிக் களைவது டீபக். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'மார்க் 2' என்னும் கணிப்பொறியின் ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்ததைக் கண்டெடுத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பிற்காலத்தில் இதை அடிக்கடி சொல்லிப் பிரசித்தமாக்கினார். இச்சொல் அன்று பிறந்ததென்று பலர் எழுதுவது சரியன்று. யந்திரக் கோளாறுக்கு இப்பெயர் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே வழங்கி வந்தது. என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. அவர்கள் அப்பூச்சியை வீசி எறிந்துவிடவில்லை. அன்றாடப் பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, பூச்சியையே அப்பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். அப்பக்கம் இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச்சாலையின் வசம் இருக்கிறது. பிழை கண்டவுடன் பதிவேட்டில் எழுதும் பழக்கம் அவ்வளவு பழமையானது.

நிற்க. பிழை நேரும்போது புரோகிராம் இரண்டு காரியங்களைச் செய்யக்கூடும். ஒன்று, நடந்ததைச் சர்வரின் உள்ளே இருக்கும் பதிவுக் கோப்பில் எழுதி வைத்தல். மற்றொன்று, நடந்ததை எதிரே உள்ள திரையில் காட்டுதல். சோதனை மேசையில் இரண்டும் ஒன்றே; ஏனெனில் எதிரே உட்கார்ந்திருப்பவர் புரோகிராம் எழுதியவரேயாவார். நடப்புச் சர்வரில் இவ்விரண்டும் வெவ்வேறாகிவிடுகின்றன. அங்கே எதிரே இருப்பவர் சேலை வாங்க வந்தவர். பிழையின் விவரம் அவருக்குக் காட்டப்படுகிறது. பழுது பார்க்க வேண்டியவருக்கோ அது போய்ச் சேருவதில்லை. நம் சங்கத்தில் நடந்ததும் அதுவே. ஆர்டர் நின்றபோதெல்லாம் அந்தப் பக்கத்தைக் கண்டவர்கள் வாடிக்கையாளர்களே. அவர்களில் ஒருவராவது அதைப் படம் எடுத்து அனுப்புவார் என்று அவ்விளைஞர் காத்திருந்தார். ஒருவரும் அனுப்பவில்லை, பேசாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

இனி, காரியதரிசி அவர்களின் கேள்விக்கு வருவோம். வாங்க வருபவர்க்குப் புரியாது என்பது மெய்யே. ஆனால் வருவோர் யாவரும் வாங்க வருபவர்கள் அல்லர், மனிதர்களும் அல்லர். தளம் தளமாகச் சென்று வேண்டுமென்றே தவறான முகவரியைக் கேட்டு, என்ன பதில் வருகிறதென்று பார்க்கும் தானியங்கிப் புரோகிராம்கள் இரவு பகலாக உலவுகின்றன. டீபக் பக்கங்களில் எப்போதும் ஒரே விதமான சொற்றொடர்கள் வருவதால் அவற்றை அடையாளம் காண்பது எளிது. ஊர் பேர் தெரியாத சங்கத்தின் சர்வரை யார் தேடப் போகிறார்கள் என்பது இங்கே செல்லாது. அவை ஊரைப் பார்ப்பதில்லை. திறந்த கதவை மட்டுமே பார்க்கின்றன.

இதற்கு உதாரணம் ஒன்று கூறுகிறேன். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த பேட்ரியான் என்னும் நிறுவனம், ஓவியர், இசைஞர் முதலியோருக்கு ரசிகர்கள் மாதந்தோறும் பொருளுதவி செய்ய வழி செய்து தருவது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி அதன் தகவல்களுள் அந்நியர் புகுந்தனர். பொதுமக்கள் பார்வைக்கு எட்டும்படி இருந்துவிட்ட, டீபக் திறந்திருந்த ஒரு பிரதியின் வழியாகவே இது நேர்ந்ததென்று நிறுவனமே அறிவித்தது. அங்கே பயனிலிருந்த டீபக் கருவி பைதான் மொழிப் புரோகிராம்களுக்கானது. பிழை நேர்ந்த இடத்திலேயே, உலாவியிலிருந்தபடி, கட்டளைகளைத் தட்டி சர்வரை இயக்கிப் பார்க்க அது இடந்தரும். எழுதியவருக்கு இது பெரிய உபகாரம். அந்நியர் கையில் கிடைத்தாலோ, சர்வரையே ஒப்படைத்ததற்குச் சமானம். சுவீடன் நாட்டுப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, இவ்வாறு திறந்து கிடப்பதைச் சில நாட்கள் முன்பே அவர்களுக்குத் தெரிவித்திருந்ததாகப் பின்னர் வெளியிட்டது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகளும் வேறு பல தகவல்களும் இணையத்தில் கொட்டப்பட்டன. கடவுச்சொற்கள் எளிதில் மீட்க முடியாதபடி உருமாற்றி வைக்கப்பட்டிருந்தமையாலும், கடன் அட்டை எண்களை அவர்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளாமையாலும் நஷ்டம் ஓரளவோடு நின்றது. கவனிக்க: அது சிறு நிறுவனமன்று, தேர்ந்த நிபுணர்கள் வேலை பார்த்த இடம். அவர்களிடமிருந்த குறை அறிவுக் குறையன்று, திறந்ததை மூடாமை.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிப்பட்ட மற்றொரு குற்றம் இன்னும் பொருத்தமானது. பிஎச்பி மொழியில் தளம் அமைக்கப் பலரும் கையாளும் லாராவெல் என்னும் சட்டகத்தில், பிழைப் பக்கத்தை அழகாகக் காட்டுவதற்கென இக்னிஷன் என்னும் உறுப்பு ஒன்றுண்டு. அதன் பழைய பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது. டீபக் திறந்துள்ள தளத்தில் மட்டும், அதன் வழியே அந்நியர் தம் கட்டளையைச் சர்வரில் நடத்திக்கொள்ள முடிந்தது. மூடி வைத்திருந்தவர்களுக்கு அந்த ஓட்டையால் தீங்கில்லை. ஆகவே டீபக்கினால் வரும் அபாயம் அப்பக்கத்தில் தெரியும் எழுத்துக்களோடு முடிவதில்லை. டீபக் கருவியே ஒரு புரோகிராம், அதிலும் பூச்சி இருக்கும்.

இரகசியம் ஒருபுறமிருக்க, வேகமும் கெடுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஏஎஸ்பி டாட் நெட் முறையில் டீபக் திறந்திருந்தால், புரோகிராம் மெதுவாக ஓடும். நினைவகம் அதிகம் செலவாகும். பக்கத்தோடு அனுப்பப்படும் சில துணைக் கோப்புகளை வாடிக்கையாளரின் உலாவி சேமித்து வைக்காமல் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கும். அன்றியும், இத்தனை விநாடிக்குள் முடியாத வேலையைக் கைவிடு என்னும் காலவரம்பு அங்கே செயற்படாது. சிக்கிக்கொண்ட வேலை சிக்கியபடியே சர்வரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்நிறுவனத்தின் ஸ்காட் கத்ரி என்பவர் 2006ஆம் ஆண்டிலேயே இதை விரிவாக எழுதி எச்சரித்தார். ஒரே மாற்றத்தினால் சர்வர் முழுவதிலும் டீபக்கை அடைத்துவிடும் அமைப்பும் அம்முறையில் உண்டு. ஜாங்கோ என்னும் பைதான் சட்டகமோ, டீபக் திறந்திருக்கையில் டேட்டாபேஸிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் நினைவில் சேர்த்துக்கொண்டு போகும். வேலையை நடுவில் நிறுத்தி, அடிக்கு அடி பார்க்கும் டீபக் முறை மற்றொன்று இருக்கிறது. நடப்புச் சர்வரில் அப்படி நிறுத்தினால், அச்சமயம் வந்துள்ள வாடிக்கையாளர்களும் சேர்ந்தே நிற்க நேரிடும். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியாயின் அவ்விளைஞர் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்? பிழை அவர் மேசையில் வரவில்லை. சர்வரில் மட்டுமே வந்தது. இக்கேள்விக்கு விடை கூறாமல் 'திறவாதே' என்று மட்டும் சொல்வது, கைகால்களைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போலாகும்.

அன்று மாலை நாங்கள் இருவருமாகச் செய்ததைச் சொல்கிறேன். முதலில் திரையில் காட்டும் அமைப்பை அடைத்துவிட்டு, பதிவுக் கோப்பில் எழுதும் அமைப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்தோம். திறந்தேயிருந்தது, ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு பிழையும் அதில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அதைப் படித்துப் பார்க்கவேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. நின்றுபோன ஆர்டர்கள் யாவற்றுக்கும் நேராக ஒரே செய்தி காணப்பட்டது: முகவரியில் உள்ள எழுத்து செல்லத்தக்கதன்று. அந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் தங்கள் முகவரியைத் தமிழில் எழுதியவர்கள்! சர்வரில் இருந்த மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பழைய பதிப்பு; வேறு விதமாகச் சொல்லாவிடில் மேலைநாட்டு எழுத்துக்களை மட்டுமே ஏற்கும்படி அதன் அட்டவணைகள் அமையும். 2018ஆம் ஆண்டு வெளிவந்த 8.0 பதிப்பிலிருந்துதான் உலக மொழிகள் அனைத்தின் எழுத்துக்களையும் ஏற்பது அதன் இயல்பான அமைப்பாயிற்று. இளைஞரின் மேசையில் இருந்தது புதிய பதிப்பு. போதாக்குறைக்கு அவர் சோதனைக்கென எழுதிய முகவரிகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. பின் எவ்வாறு அங்கே பிழை தோன்றும்? அட்டவணையின் எழுத்து முறையை மாற்றியதும் ஆர்டர்கள் தடையின்றி நடந்தன. தமிழ்நாட்டில், தமிழர் நெய்த சேலைக்கு, தமிழில் முகவரி எழுதினால் ஆர்டர் நின்றுவிடும் நிலையைப் பண்டிகைக் காலம் முழுவதும் ஒருவரும் அறியாதிருந்தோம் என்பது வெட்கத்துக்குரியதுதான்.

இதிலிருந்து பெறப்படும் வேலை முறை ஒன்றுண்டு. பதிவுக் கோப்பைப் படிப்பதே முதல் வேலை. அதில் துப்புக் கிடைக்காவிடில், நடப்புச் சர்வரை அச்சாக ஒத்திருக்கும் ஒத்திகைச் சர்வர் ஒன்றை, அதே பதிப்புகளோடு, வெளியார் அணுகாதவாறு அமைத்து, டீபக்கை அங்கே தாராளமாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அங்கத்தினர்களின் உண்மையான பெயர், வங்கிக் கணக்கு எண் முதலியவற்றை மாற்றிவிட்டே ஒத்திகைக்குப் பிரதி எடுக்க வேண்டும்; பேட்ரியானில் கதவாக அமைந்தது அத்தகைய பிரதிதான் என்பதை மறக்கலாகாது. அங்கும் பிழை தோன்றவில்லையாயின், நடப்புச் சர்வரில் சந்தேகத்துக்கு இடமான பகுதிக்கு மட்டும், சில மணி நேரத்துக்கு, பதிவை விரிவாக எழுதச் செய்யலாம். விரிவான பதிவை நாட்கணக்கில் விட்டுவைத்தால் வட்டு நிரம்பிச் சர்வரே நின்றுபோகும்.

சங்க அலுவலகத்திலிருந்து பார்ப்பவர்க்கு மட்டும் பிழையைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பர். அமைக்கலாம், ஆயினும் எச்சரிக்கை தேவை. சில தளங்களில் சர்வருக்கு முன்னால் இடைச் சர்வர் ஒன்று நின்று வருவோரை வாங்கி உள்ளே அனுப்பும். அப்போது வருபவர் அனைவரும் அந்த இடைச் சர்வரின் முகவரியிலிருந்தே வருவதாகத் தோன்றும். சொந்த முகவரிக்காரரை மட்டும் விடு என்று சொல்லி வைத்த காவற்காரன், எல்லோரையும் சொந்தக்காரரென்று விட்டுவிடுவான். வெளி ஊரிலிருந்து, வேறு தொடர்பின் வழியாகப் பார்த்துச் சரிபார்க்காமல் இம்முறையை நம்பலாகாது.

எவ்வழியிலும் முடியாமல் திறந்தே தீரவேண்டிய நிலை வருமாயின், இரும்புப் பெட்டிக்கு நாம் கையாளும் முறையையே இதற்கும் கையாளலாம் என்பது என் அபிப்பிராயம். பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒருவர் தனியே திறப்பதில்லை. அதுபோல, திறப்பவர் ஒருவர், உடனிருப்பவர் ஒருவர். திறந்த நேரமும் மூடிய நேரமும் நோட்டில் ஏற வேண்டும். அந்நேரம் முழுவதும் வாடிக்கையாளர்க்குத் தளம் பராமரிப்பில் உள்ளதென்று அறிவித்து நிறுத்திவைப்பது மேல். நள்ளிரவில் அரைமணி விற்பனை நிற்பதால் சங்கம் மூழ்கிவிடாது.

பதிவுக் கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உள்ளே இருப்பதாலேயே பத்திரமானது என்று எண்ணிவிடலாகாது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம், பயனர்களின் கடவுச்சொற்கள் உருமாற்றப்படாமல் உள்பதிவில் எழுதப்பட்டு வந்ததைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 33 கோடிப் பயனர்களைக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. எவரும் திருடியதாகத் தெரியவில்லை. எனினும் எழுதியதே தவறு. வேர்ட்பிரஸ் தளங்களிலோ, டீபக் பதிவு எழுதச் செய்தால், அக்கோப்பு சாதாரணமாக வெளியாரும் உலாவியில் கேட்டுப் பெறக்கூடிய இடத்தில் போய் அமர்கிறது. அதை வேறிடத்துக்கு மாற்றுவதும் அமைப்பவரின் கடமை.

காரியதரிசிகள் புரோகிராம் அறியாமலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. தம் சங்கத் தளத்தின் முகவரிக்குப் பின்னால், இல்லாத பக்கத்தின் பெயர் ஏதேனும் ஒன்றைச் சேர்த்துத் தட்டிப் பார்க்கலாம். பக்கம் இல்லை என்று சுருக்கமாக வந்தால் நல்லது. கோப்புப் பெயர்களும் வரி எண்களும் வந்து நின்றால் தளம் அமைத்தவரை உடனே அழைக்க வேண்டும். ஜாங்கோவில் அமைந்த தளமாயின், டீபக் திறந்திருப்பதால்தான் இப்பக்கத்தைக் காண்கிறீர்கள் என்று அப்பக்கமே சொல்லிவிடும்.

நம் சங்கத்தின் விஷயம் பிழை திருந்தியதோடு முடியவில்லை. வெளியில் தெரிந்துவிட்ட கடவுச்சொல்லை மறுபடியும் இரகசியமாக்க முடியாதல்லவா? அன்றிரவே டேட்டாபேஸ் கடவுச்சொல் மாற்றப்பட்டது. பணம் வசூலிக்கும் கம்பெனிக்கு எழுதிப் பழைய சாவியை ரத்து செய்து புதியது பெற்றோம். அதே டேட்டாபேஸில் கூலி பட்டுவாடாவுக்காக அங்கத்தினர்களின் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தன. அவற்றை எவரேனும் எடுத்தார்களா? இதை அறியச் சர்வரின் வருகைப் பதிவைப் புரட்டினோம். 14 நாட்களுக்கு மேற்பட்டதெல்லாம் தாமாகவே அழியும்படி அது அமைந்திருந்தது. கதவு திறந்திருந்ததோ 41 நாட்கள். இருந்த 14 நாட்களில் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை. எஞ்சிய 27 நாட்களில் நடந்ததைச் சொல்வார் இல்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி செர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தகவல் கசிவு முதலியவை தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அவ்வமைப்புக்கு அறிவிக்கவும் வேண்டும். அறிவிப்பை அனுப்பினோம். பதிவுகளின் காலத்தையும் நீட்டியாயிற்று.

அங்கத்தினர்களுக்கு இதைச் சொல்வதா, வேண்டாமா என்று நிர்வாகக் குழுவில் நெடுநேரம் விவாதம் நடந்தது. பீதி கிளம்பும் என்றார் சிலர். தலைவர் அவர்கள், கணக்கு எண் அவர்களுடையது, ஆகவே சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவு கூறினார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் தெளிவான தமிழில் எழுதி ஒட்டப்பட்டது. படித்துவிட்டு வந்த மூத்த நெசவாளி ஒருவர், "அப்படியானால் நாங்கள் பாஸ்புக்கை மாற்ற வேண்டுமா, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். மாற்ற வேண்டியதில்லை, கணக்கு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பணத்தை எடுத்துவிட இயலாது என்றேன். ஆனால் யாரேனும் தொலைபேசியில் அழைத்து, அந்த எண்ணைச் சரியாகச் சொல்லி, வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டால் கொடுக்கலாகாது; எண்ணைச் சரியாகச் சொல்வதாலேயே அவர் வங்கிக்காரர் ஆகிவிடமாட்டார் என்பதையும் சொன்னேன். அவர் அதை அறிவிப்பின் கீழேயே எழுதிவிடும்படி கேட்டுக்கொண்டார். எழுதினோம்.